நோர்பரியில் பிசாசுக்குக் கதவு திறப்பதில்லை

சேசு மரி சூசை துணை

கிங்ஸ்பரி
9 ஒக்டோபர் 2006

அன்புத் தங்கச்சி பியற்றிசுக்கு,

கிங்ஸ்பரிப் பெருந்தெருவின் மிளகாய்த்தூள் மன்னனும், சகல பருப்பு வகைகளின் ஏகக் காவலனும், உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்தவனுமாகிய அருளப்பு எழுதிக்கொள்வது.

போன ஞாயிறு நீ தொலைபேசியை வைத்த வேகத்தில் என் வலது காதுக்குள் புகுந்த இடி இன்னும் வெளியே வர வழி தேடுகிறது. அதன் பிறகு நான் எப்போது எடுத்தாலும் உன் மனுசன் நேசராசாதான் பேசுகிறார். "ஆர்? அருளப்புவோ? அப்பிடி ஒருத்தரையும் எங்களுக்குத் தெரியாது" என்று சொல்லி வைக்கிறார். என் கடைக் கருவாட்டைத் தின்று தேறிய தொண்டையிலிருந்து வருகிற வசனம் இது! ஆகவே மகாராணியாரின் தபால்காரனை நம்பி இறங்கியிருக்கிறேன். அவனையும் தெரியாது என்று சொல்வாரோ, பார்ப்போம்.

அப்படி என்ன பெரிய பாவத்தைக் கேட்டுவிட்டேன்? "என்ரை மருமகளுக்கு இந்த ஹலோவீனுக்கு என்ன வேஷம்?" என்று கேட்டேன். நீயோ, ஒன்பது வயதுப் பிள்ளை றொஷானியை நான் பேய்க்குக் கலியாணம் பேசிவிட்டதுபோலக் கத்தினாய்.

நேசராசாவை எனக்கு இன்று நேற்றா தெரியும்? பாரிசில் கோப்பை கழுவிய காலத்தில் பூசைக்குப் பிந்திப் போய் முந்தி வெளியே வந்த மனிதர். லண்டனுக்கு வந்து பஸ் ஓட்டப் பழகினார். பிறகு பள்ளிக்கூட மண்டபத்தில் கூடுகிற அந்த 'நித்தியச் சுடர்' சபையில் சேர்ந்தார். சேரட்டும், கைதட்டிப் பாடட்டும், வேண்டுமானால் கரணமும் அடிக்கட்டும். மாதாவின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினீர்கள், பேசாமலிருந்தேன். நத்தார் மரம் வைப்பதை விட்டீர்கள்; அதற்கும் பேசாமலிருந்தேன். சரி, கொஞ்சம் பேசினேன். இப்போது பிள்ளையின் பள்ளிக்கூட விழாவிலும் கை வைத்துவிட்டீர்கள். வகுப்பு முழுவதும் வேஷம் கட்டி ஆட, என் மருமகள் மட்டும் நூலகத்தில் தனியாகக் குந்தியிருக்க வேண்டுமோ?

வியாழக்கிழமை கடை வான் உங்கள் பக்கம் வரும். அதில் றொஷானிக்கு ஒரு சூனியக்காரித் தொப்பியும், ஒரு கறுப்புப் போர்வையும், ஒரு பூசினிக்காயும் அனுப்புகிறேன். பூசினிக்காயைச் சாதாரணமாக நினைக்காதே. வானில் ஏற்ற நாலு பேர் தூக்கினார்கள், ஐந்தாவது ஆள் பக்கத்தில் நின்று செபம் சொன்னான்.

நாடு கடத்தப்பட்ட உன் அண்ணன்,
அருளப்பு


நோர்பரி
12.10.2006

கர்த்தருடைய பரிசுத்த நாமத்துக்கு ஸ்தோத்திரம்.

மாம்சத்தின்படி என் சகோதரனாகிய அருளப்பு அவர்களுக்கு,

தாங்கள் அனுப்பிய அசுத்தமான வஸ்துக்கள் எங்கள் வாசலை வந்தடைந்தன. இருளின் வஸ்திரங்களுக்கு எங்கள் இல்லத்தில் இடமில்லை. தொப்பியும் போர்வையும் பின்வளவில் அக்கினிக்கு ஒப்புக்கொடுக்கப்பட்டன.

எங்கள் குடும்பத்தின் தீர்மானத்தை இதனால் அறியத்தருகிறோம். றொஷானி பள்ளிக்கூட விழாவில் பங்குபெறாள். அன்று மாலை எங்கள் வாசலுக்கு வரும் வேஷதாரிகளுக்குக் கதவு திறக்கப்படமாட்டாது. மேலும், வருகிற மார்கழியில் சகோதரர் நேசராசா சபையின் மூப்பராக அபிஷேகம் பண்ணப்பட இருக்கிறார். மூப்பரின் வீடு கறையற்றதாய் இருத்தல் வேண்டும். ஆகையால் தாங்கள் தங்கள் கடையிலிருந்து முகமூடிகளையும் எலும்புக்கூடுகளையும் அகற்றி மனந்திரும்பும் நாள்மட்டும் எங்கள் இல்லத்தினுள் பிரவேசியாதிருப்பீர்களாக.

கிறிஸ்துவுக்குள்,
சகோதரி பியற்றிஸ் நேசராசா

பி.கு. பூசினிக்காயைச் சமைத்துவிட்டேன். நல்ல இனிப்பு.


சேசு மரி சூசை துணை

கிங்ஸ்பரி
15 ஒக்டோபர் 2006

தங்கச்சி,

கையெழுத்து உன்னுடையது. வாய் யாருடையது? 'பிரவேசியாதிருப்பீர்களாக' என்று எழுதும்போது உன் கை சிரிக்கவில்லையா? நேசராசா பக்கத்தில் நின்று, மீசையைத் தடவி, சொல்லுக்குச் சொல் சொல்லித்தந்திருப்பார். நீயும் பள்ளிக்கூடத்தில் சொல்வதெழுதுதல் எழுதியதுபோல் எழுதியிருப்பாய். அவர் மேசையை விட்டு எழும்பிய பிறகு நீயாக எழுதியது பின்குறிப்பு மட்டும்தான். அந்த ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்துக் கடைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். வருகிற சனம் பூசினிக்காய்க்கு விளம்பரம் என்று நினைக்கிறது. நினைக்கட்டும்.

மற்றபடி உங்கள் தீர்மானத்தை வாசித்து நான் அழுத அழுகையில் கடைக்குள் வெள்ளம் ஏறி, உழுந்து மூட்டைகள் முளைவிட்டுவிட்டன. மூப்பர்! நாற்பத்திரண்டு வயதில், தலைமயிர் ஒன்றும் நரைக்காமல், ஒரு மூப்பர்! பஸ்ஸில் ஏறுகிற சனம் இனி ரிக்கட்டையா காட்டுவது, பாவசங்கீர்த்தனம் செய்வதா?

போர்வையை எரித்தாராம். பத்து வயதுக்குட்பட்டோருக்கான பொலியெஸ்டர் போர்வை, தங்கச்சி. அதைக் கண்டு நடுங்கிய பிசாசு எந்தப் பிசாசு? என் கடையில் நடப்பதைக் கேள். சபாரத்தினம் ஐயா புதுக்கடை திறந்தபோது என்னிடம் நீத்துப்பூசினி வாங்கிப் போய் நடுத்தெருவில் உடைத்தார், கண்ணூறு போக. வெள்ளைக்காரி வந்து மஞ்சள் பூசினி வாங்கிப் போய்க் குடைந்து பல் வைத்து விளக்கேற்றுகிறாள், பேய் போக. உன் மனுசன் தொப்பியை எரிக்கிறார், பிசாசு போக. மூன்று மதமும் சேர்ந்து துரத்துகிற அந்த ஒரு பிசாசு இந்தக் குளிரில் எங்கே போய்ப் படுக்கிறதோ! என்னிடம் வந்தால் பின்னறையைக் கொடுப்பேன். நல்ல குடியிருப்பாளனாக இருக்கும், நேசராசாவைப்போலச் சத்தம் போட்டுச் செபிக்காது.

அது சரி, அடுத்த நாள் சகல புனிதர்களின் திருநாள் என்பதாவது உங்கள் போதகருக்குத் தெரியுமா? அதன் முதல்நாள் மாலைதான் இந்த ஹலோவீன். முகவரி தெரியாமல் கல்லெறிகிற கூட்டம்.

முகமூடிகள் கடையில் தொங்கும். தொங்கிக்கொண்டே இருக்கும். இன்று புதிதாக ஒன்று வந்திருக்கிறது: கொம்பு வைத்த சிவப்புப் பிசாசு, ரப்பர். நேசராசாவின் சாயல் கொஞ்சம் இருக்கிறது.

மாம்சத்தின்படியும் எலும்பின்படியும் உன் அண்ணன்,
அருளப்பு


நோர்பரி
20.10.2006

அண்ணை,

உங்கள் கடிதம் ஈரமாக வந்தது. வந்தது என்றும் சொல்ல ஏலாது. வாசற்படியில் மழைக்குள் கிடந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். இவர் விடியற்காலை ஷிப்டுக்குப் போய்விட்டார். இந்தக் கடிதத்தை ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஆகவே இதிலுள்ள பேச்செல்லாம் என் சொந்தப் பேச்சு, நன்றாக வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் எப்போதிருந்து திருச்சபையின் காவலன் ஆனீர்கள்? நத்தாருக்கு ஒரு பூசை, உயிர்த்த ஞாயிறுக்கு ஒரு பூசை, இரண்டிலும் கடைசி வாங்கில் குந்தல், இரண்டிலும் குறட்டை. அந்தோனியார் சுரூபத்தை விஸ்கிப் போத்தலுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிற மனிதர் எனக்குச் சகல புனிதர்களைப் பற்றி வகுப்பு எடுக்கிறார். மாதா படத்தை இறக்கியதற்கு நீங்கள் துக்கப்படுகிற வடிவைக் கண்டால் மாதாவே சிரிப்பா.

சபைச் சனத்தை இளக்காரமாக எழுதுகிறீர்கள். நான் ஒப்பரேசன் செய்து படுக்கையில் கிடந்தபோது, இவருக்கும் வேலையில்லாத நேரம், அந்தச் சனம்தான் மாறிமாறிச் சோறும் கறியும் கொண்டுவந்தது. முன்பின் தெரியாத பெண்கள் என் துணியைத் தோய்த்தார்கள். அப்போது மிளகாய்த்தூள் மன்னர் எங்கேயிருந்தார்? ஒரு வாழ்த்து மட்டை அனுப்பினீர்கள். அதில் ஒரு பகிடி எழுதியிருந்தது. சிரித்தால் தையல் பிரியும் என்று நான் சிரிக்கவில்லை. அது அவ்வளவு நல்ல பகிடியுமில்லை.

இவர் அந்தச் சபைக்குப் போவது பைத்தியத்தால் இல்லை, அண்ணை. ஒரு இடத்திலாவது இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கதிரை போடுகிறார்கள். உங்கள் வீட்டில் எப்போதாவது போட்டீர்களா? "பஸ் வந்திட்டுது" என்றல்லவா சொல்வீர்கள்?

இனி, கடிதம் ஏன் நனைந்தது என்று கேளுங்கள். ஞாயிறு வகுப்பில் போதகர் பிள்ளைகளுக்கு, இந்த மாதம் முழுவதும் பிசாசுகள் வீடு வீடாக வழி தேடும் என்று சொல்லியிருக்கிறார். றொஷானி வீட்டுக்கு வந்து எல்லா யன்னலையும் பூட்டினாள். பிறகு கதவிலுள்ள தபால் துவாரத்தைப் பார்த்து, "அம்மா, இதாலை வரேலுமே?" என்று கேட்டாள். நான் இல்லையென்றேன். நம்பவில்லை. தகப்பனின் காலுறையைச் சுருட்டி அதற்குள் அடைத்திருக்கிறாள். நான் எடுத்தால் திரும்ப அடைக்கிறாள். தபால்காரன் எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டுப் போகிறான். இரவில் எங்களுக்கு நடுவில்தான் படுக்கை. படுக்கை நனைகிறது.

உங்களுக்கு இது இன்னொரு பகிடி. எனக்குப் பிள்ளை.

பியற்றிஸ்


சேசு மரி சூசை துணை

கிங்ஸ்பரி
24 ஒக்டோபர் 2006

தங்கச்சி,

வாங்கிக்கொண்டேன். இரண்டு கன்னத்திலும் வாங்கிக்கொண்டேன். மூன்றாவது கன்னம் இருந்திருந்தால் அதையும் தந்திருப்பேன். அந்தோனியார் சுரூபத்தை விஸ்கிப் போத்தலிலிருந்து அகற்றி, சோடாப் போத்தலுக்கு அருகில் வைத்திருக்கிறேன். படிப்படியாகத்தான் மனந்திரும்ப முடியும்.

வாழ்த்து மட்டையைப் பற்றி ஒன்றும் எழுத வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.

ஆனால் போதகரை விடமாட்டேன். ஒரு பிள்ளையைத் தபால் துவாரத்துக்குப் பயப்படப் பழக்கியவனுக்கு எந்த வேதாகமத்தில் சம்பளம் எழுதியிருக்கிறது? ஹலோவீன் கொண்டாடுகிற வெள்ளைக்காரன் வீட்டில் வருஷத்துக்கு ஒரு மாலைதான் பேய் வருகிறது, அதுவும் இனிப்பு வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போகிறது. ஹலோவீன் கொண்டாடாத உங்கள் வீட்டிலோ மாதம் முழுவதும் பேய். சோறு மட்டும்தான் கேட்கவில்லை.

கடைக்கு வருகிறவர்கள் வாயிலாக உங்கள் சபையின் மகா திட்டத்தையும் அறிந்துகொண்டேன். சனிக்கிழமை 'ஒளியின் மாலை'யாம். பிள்ளைகள் வேதாகம மனிதர்கள்போல உடுத்து வருவார்களாம். விளையாட்டாம், பாட்டாம், பை நிறைய இனிப்பாம். தங்கச்சி, வேஷம், விளையாட்டு, இனிப்பு! அது ஹலோவீன்தான், குளிக்க வார்த்து, பவுடர் போட்டுக் கூட்டி வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதைவிடக் கேவலமானது செவ்வாய்க்கிழமை, ஹலோவீன் அன்றைய திட்டம். சபைக் குடும்பங்களெல்லாம் மாலை ஐந்து மணிக்கே விளக்கணைத்து, திரைச்சீலை இழுத்து, பின்னறையில் ஒடுங்கிச் செபித்தபடி இருக்கவேண்டுமாம். கதவு தட்டினால் மூச்சும் விடக்கூடாதாம். விளக்கணைத்து, பிள்ளைகளின் வாயைப் பொத்தி, கதவு தட்டும் சத்தத்தை எண்ணிக்கொண்டிருந்த இரவுகள் நமக்குப் புதிதா? அன்று ஊரில் தட்டியவன் கையில் துவக்கு இருந்தது. இன்று தட்டுகிறவன் கையில் பிளாஸ்டிக் வாளி. இரண்டுக்கும் ஒரே மாதிரி ஒளிக்கிற மனிதரை மூப்பராக்கப் போகிறார்கள். நல்ல சபை, நல்ல மூப்பர். பஸ்ஸுக்கும் சொல், கை காட்டினால் நிற்கவேண்டாம், விளக்கணைத்துக்கொண்டு ஓடட்டும்.

இதை இப்படியே விடமுடியாது. பிள்ளைக்குப் பயம் தெளிய ஒரே வழிதான் இருக்கிறது. அந்த வழி கிங்ஸ்பரியில் தொடங்கி நோர்பரியில் முடிகிறது. இதற்கு மேல் எழுதமாட்டேன். இராச இரகசியம்.

அருளப்பு


நோர்பரி
29.10.2006

அண்ணை,

வரவேண்டாம். இராச இரகசியத்தைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிஷம் போதும், நான் உங்களோடு வளர்ந்தவள். நீங்கள் எதையாவது மாட்டிக்கொண்டு வந்து கதவைத் தட்டப் போகிறீர்கள். வரவேண்டாம்.

ஒளியின் மாலை நேற்று நடந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று மோசேக்கள், மூன்று பேருக்கும் பஞ்சுத் தாடி. ஒரு மோசே இன்னொரு மோசேயின் தாடியைப் பிடுங்கி அடிபிடி. றொஷானிக்கு எஸ்தர் இராணியின் உடுப்புத் தைத்து வைத்திருந்தேன். அவள் போடமாட்டேன் என்று அடம்பிடித்து, தகப்பனின் பஸ் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்தாள். பாதம்வரை தொங்கியது. நான் வாசலில் வைத்துக் கழற்றப் பார்த்தேன், கையை உதறிவிட்டு உள்ளே ஓடிவிட்டாள்.

போதகர் குனிந்து, "மகள், நீங்கள் வேதாகமத்திலை ஆர்?" என்று கேட்டார்.

"நான் அப்பா."

"வேதாகமத்திலை பஸ் இல்லையே, மகள்."

எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பிள்ளை தகப்பனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கோட்டைக் கழற்றி மடித்து என் கையில் தந்தாள். இனிப்புப் பை வாங்கவில்லை.

நீங்கள் தொப்பி அனுப்பினீர்கள். நான் இராணி உடுப்புத் தைத்தேன். இவர் ஒன்றும் வேண்டாம் என்றார். அவளுக்கு என்ன விருப்பம் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த தெரு சிவமலரின் மகள் கம்சிகா, அவளோடு ஒரே வகுப்பு. அந்தப் பிள்ளை கேட்டிருக்கிறது. "நீ உன்ரை அப்பாவா வா, நான் பூனையா வாறன், ரெண்டுபேரும் மூண்டு வீடு தட்டுவம்" என்று பேசி வைத்திருக்கிறார்கள். மூன்று வீடு. அவ்வளவுதான் அவள் கேட்பது. அதையும் என்னிடம் கேட்கவில்லை, கம்சிகாவின் தாய் சொல்லித்தான் தெரியும்.

இவரிடம் நேற்றிரவு கேட்டேன். "மூப்பர் வீட்டுப் பிள்ளை தெருவிலை பிச்சையெடுக்கிறதோ?" என்றார். நானும் பேசாமலிருந்துவிட்டேன். பேசாமலிருப்பது எனக்கு நல்ல பழக்கமாகிவிட்டது.

செவ்வாய் மாலை நாங்கள் இருட்டில் இருக்கப்போகிறோம். வரவேண்டாம். காலுறை இன்னும் துவாரத்துக்குள்தான் இருக்கிறது.

பியற்றிஸ்


சேசு மரி சூசை துணை

கிங்ஸ்பரி
2 நவம்பர் 2006

தங்கச்சி,

குப்புறப் படுத்தபடி இதை எழுதுகிறேன். நிமிர்ந்து படுத்தால் கட்டிலிலிருந்து வழுக்கி விழுகிறேன். என் மேனியிலிருந்து வடிந்த எண்ணெயில் கிங்ஸ்பரியிலுள்ள அத்தனை வீட்டிலும் வடை சுடலாம்.

நடந்ததை என் வாயால் சொல்ல இடம் கொடு. வரவேண்டாம் என்றாய், வந்தேன். என் நோக்கம் உன்னதமானது: கதவைத் தட்டுவது, பிள்ளை பார்க்கும்போது முகமூடியை இழுத்துக் கழற்றுவது, பிசாசுக்குப் பின்னால் எப்போதும் ஒரு தொந்தி மாமாதான் நிற்கிறான் என்று நிரூபிப்பது. ரயிலில் வரும்போதே அந்தச் சிவப்புக் கொம்பு முகமூடியையும் ஒரு வாலையும் மாட்டிக்கொண்டேன். எதிரில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி "மிக நல்லாயிருக்கு" என்றாள். சொந்த நாட்டுச் சனத்திடம் கிடைக்காத மரியாதை.

உங்கள் வீடு செத்த வீடு மாதிரி இருண்டு கிடந்தது. தட்டினேன். மூச்சில்லை. தட்டினேன். உள்ளே நேசராசா சங்கீதம் சொல்லும் சத்தம் மட்டும், வாய்க்குள் பருத்தி அடைத்ததுபோல. எனக்கு ஆத்திரம் வந்தது. குனிந்து, அந்த வரலாற்றுப் புகழ்பெற்ற காலுறையை உள்ளே தள்ளி, துவாரத்தில் முகத்தை வைத்து, "மூப்பரே!" என்றேன்.

அது பிழை. ஒப்புக்கொள்கிறேன், கொம்பு உள்ளே போய்விட்டது.

அந்த மாவீரர் அபிஷேக எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்து, முழுவதையும், ஒரு சொட்டு மிச்சமில்லாமல், துவாரத்தால் என் கண்ணிலும் மூக்கிலும் ஊற்றினார். அந்த ஒலிவ் எண்ணெய் என் கடையில் வாங்கியது! என் சரக்காலேயே என்னைப் பொரித்தெடுத்தார். எனக்குத் தும்மல் வந்தது. நான் தும்மினால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், ஹீத்ரோவில் விமானங்களைத் திருப்பி அனுப்புவார்கள். உள்ளேயிருந்து ஒரு குரல்: "அது அருளப்பு மாமாவின்ரை தும்மல்!" கதவு திறந்தது. கதவில் சாய்ந்திருந்த நான் எண்ணெயில் சறுக்கி, கொம்போடு, வாலோடு, நேசராசாவின் நெஞ்சில் போய் இறங்கினேன்.

பிறகு விளக்கு எரிந்தது. பிள்ளை சிரித்த சிரிப்பை நீயும் கேட்டாய். அதைப் பற்றி நான் மிகைப்படுத்தி எழுத முயன்று பார்த்தேன், முடியவில்லை.

ஆனால் நீ சிரிக்கவில்லை. கொழுவியிலிருந்து பஸ் கோட்டை எடுத்து அவளுக்குப் போட்டாய். எங்கள் இருவரையும், தரையில் கிடந்த இரண்டு கரப்பொத்தான்களைப் பார்ப்பதுபோல் பார்த்தாய். "ஒராள் பிசாசு வருது எண்டு சொல்லுது, மற்றாள் அதையே மாட்டிக்கொண்டு வருது. ரெண்டுபேரும் இருந்து தரையைத் துடையுங்கோ" என்றாய். கதவைத் திறந்தபடியே விட்டுப் போனாய்.

துடைத்தோம். பழைய பத்திரிகையால், முழங்காலில் நின்று, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல். இடையில் நாலு எலும்புக்கூடும் ஒரு சின்னச் சூனியக்காரியும் திறந்த வாசலில் வந்து நின்றார்கள். எங்களைக் கண்டு பயந்து போய்விட்டார்கள். நேசராசா ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "அதிலை இன்னும் இருக்கு." எண்ணெயைத்தான் சொன்னார்.

நீங்கள் திரும்பும் முன்பே நான் புறப்பட்டுவிட்டேன். எங்கே போனீர்கள்? மூன்று வீடா? என்ன நடந்தது? மூப்பர் பதவி என்னவாயிற்று? எனக்கு இனிக் கதவு உண்டா, இல்லையா? அதை மட்டுமாவது எழுது. பகிடியை விட்டுக் கேட்கிறேன்.

அருளப்பு


நோர்பரி
12.11.2006

அண்ணை,

பத்து நாளாக எழுதாதது கோபத்தால். கோபம் இன்னும் இருக்கிறது. அதோடு சேர்த்து வாசியுங்கள்.

உங்கள் உன்னத நோக்கத்தைப் பற்றி: பிள்ளை உங்கள் தும்மலைக் கண்டுபிடித்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று ஒரு நிமிஷமாவது யோசித்தீர்களா? இருட்டுக்குள் ஒரு மாதமாகப் பயந்திருந்த பிள்ளைக்கு, அவள் அடைத்து வைத்த அதே துவாரத்தால் கொம்பு வருகிறது. நீங்கள் போதகரை ஏசினீர்கள். அவர் பிசாசை வாயால் மட்டும்தான் அனுப்பினார். நீங்கள் ரயிலேறிக் கொண்டுவந்தீர்கள். உங்களைக் காப்பாற்றியது உங்கள் மூளையல்ல, மூக்கு.

மூன்று வீடுதான் போனோம். கம்சிகாவைக் கூட்டிக்கொண்டு, நான் பின்னால் நடந்தேன். முதல் வீட்டில் ஒருவரும் இல்லை. இரண்டாவது வீட்டுப் பெண் கை நிறைய இனிப்பு அள்ளித் தந்தாள். மூன்றாவது வீட்டில் ஒரு வயதான மனிதர், தடியூன்றி வந்து திறந்தார். பூனையை உடனே கண்டுபிடித்தார். றொஷானியைப் பார்த்து, "நீ யார்?" என்று கேட்டார். அவள் கோட்டின் கையை மேலே இழுத்துவிட்டு, "நான் என்ரை அப்பா. நான் பஸ் ஓட்டுறன். ஆரும் ஓடி வந்தால் நிப்பாட்டுவன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த மனிதர் தலையை ஆட்டி, "அப்படி நிற்பாட்டுகிற ஆட்கள் குறைவு" என்றார்.

வீட்டுக்கு வந்து அதை இவரிடம் அப்படியே சொன்னேன். இவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். தரை நன்றாகத் துடைத்திருந்தது.

அடுத்து வந்த ஞாயிறு சபையில் விஷயம் பரவிவிட்டது. சபைப் பெண்ணொருத்தி எங்களைத் தெருவில் கண்டிருக்கிறா. போதகர் என்னை எழும்பி நின்று எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். நான் எழும்பினேன். "எனக்குச் சோறு தந்த ஆக்களுக்கு நன்றி, அதை மறக்கமாட்டன். பிள்ளைக்கு நித்திரை வரேல்லை, அதையும் மறக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு இருந்துவிட்டேன். இவருடைய மூப்பர் அபிஷேகத்தை ஒரு வருஷம் தள்ளிவைத்தார்கள். இவர் எழும்பிப் போகவுமில்லை, எதிர்த்துப் பேசவுமில்லை. வீட்டுக்குக் கார் ஓட்டி வரும்போது மட்டும், "அவை என்ரை பிள்ளையைப் பாத்துச் சிரிச்சவை. நானும் சிரிச்சனான்" என்றார்.

சபையை நாங்கள் விடவில்லை. உங்கள் முகம் இப்போது எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். இவர் போகிறார், நானும் போகிறேன், சோறு தந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். றொஷானி ஞாயிறு வகுப்புக்குப் போவதில்லை, எங்களோடு வாங்கில் இருக்கிறாள். அடுத்த ஹலோவீனுக்கு என்ன செய்வதென்று அடுத்த ஒக்டோபரில் அவளையும் இருத்தி மூன்று பேரும் கதைப்போம். அந்தக் கதைக்குள் தாய்மாமனுக்கு இடமில்லை.

காலுறையை அவளே எடுத்துத் தோய்க்கப் போட்டாள். தன் அறையில் படுக்கிறாள். விளக்கு மட்டும் எரியவேண்டும்.

உங்கள் கதவைப் பற்றி இவரிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "அருளப்பண்ணை நத்தாருக்கு வரட்டும். ஆனால் முகத்தோடை வரட்டும்" என்றார். இவர் பகிடி விட்டு நான் கேட்டது பாரிசுக்குப் பிறகு இதுதான். வரும்போது இவருக்கு ஒரு கதிரையை நீங்கள் எடுத்துப் போடவேண்டும். எங்கள் வீட்டில்தான், ஆனாலும் நீங்கள்தான் போடவேண்டும்.

கடைசியாக ஒன்று. சொல்லக்கூடாதென்று நினைத்தேன், சொல்லாமலும் இருக்க ஏலவில்லை. றொஷானி வாங்கிய இனிப்பெல்லாம் பஸ் கோட்டின் பையிலேயே இருந்துவிட்டது. இவர் அடுத்த நாள் அதைப் போட்டுக்கொண்டுதான் ஷிப்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது பை வெறுமை. "எங்கை அந்த இனிப்பெல்லாம்?" என்று கேட்டேன். "பிசாசின்ரை பண்டம், குப்பையிலை போட்டனான்" என்று வாயைத் திறந்து சொன்னார். நாக்கு பச்சைப் பசேலென்று இருந்தது.

அண்ணை, இதைப் பற்றி நீங்கள் ஒரு எழுத்து எழுதக்கூடாது. அவருக்கு மட்டுமல்ல, எனக்கும் எழுதக்கூடாது. நத்தாருக்கு வந்து கண்ணால்கூடக் காட்டக்கூடாது. வாழ்நாளில் ஒரு முறை, ஒரே ஒரு முறை, பகிடி விடாமல் இருந்து காட்டுங்கள். அதுதான் உங்கள் கதவின் திறப்பு.

தங்கச்சி
பியற்றிஸ்


சேசு மரி சூசை துணை

கிங்ஸ்பரி
15 நவம்பர் 2006

அன்புத் தங்கச்சி,

கடிதம் கிடைத்தது. முழுவதும் வாசித்தேன். கடைசிப் பந்தியை வாசித்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். பின்னறைக்குப் போய் அரிசி மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துச் சிறிது நேரம் இருந்தேன். மூட்டை வெடித்துவிட்டது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை.

நத்தாருக்கு வருகிறேன். முகத்தோடு வருகிறேன். கதிரை போடுகிறேன். மச்சான் நேசராசா உட்கார்ந்த பிறகுதான் நான் உட்காருவேன். அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன்.

நீ கேட்டதையும் தருகிறேன். அந்த விஷயத்தைப் பற்றி இந்தக் கடிதத்தில் ஒரு எழுத்து இல்லை. உலகத்தில் எந்தப் புனிதரும், சிங்கத்தின் வாயிலிருந்தவர்கூட, இப்படியொரு சோதனையைத் தாங்கியதில்லை. தாங்குகிறேன். உடம்பு முழுவதும் நடுங்குகிறது, தாங்குகிறேன்.

இன்று கடைக்குப் புது மிளகாய் வந்திறங்கியிருக்கிறது. வடிவான மிளகாய். என்ன நிறமென்று எழுதமாட்டேன்.

அருளப்பு